டி-ஒன் அண்ணாச்சி

திங்கட்கிழமை காலையில் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கி வருகிறவரைப் பார்த்தால், காலில் என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்காவிட்டாலே சொல்வார். கேட்டால் கைபேசியில் வரைபடம் காட்டிச் சொல்வார்.

சிவகாசியில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சிக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. 1,500 மீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் முடிப்பதுதான் ட்ரையத்லான். 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்டார்கள் என்பதால் நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் அண்ணாச்சிக்கு நீச்சலும் பெரிதில்லை, சைக்கிளும் பெரிதில்லை, ஓட்டம் சுத்தமாகப் பெரிதில்லை. நடுவில் இருக்கிற இரண்டு சந்தில்தான் அவர் உயிர் இருக்கிறது. தண்ணீரிலிருந்து சைக்கிளுக்கு மாறுவது டி-ஒன், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறுவது டி-டூ.

“ஷூ மாட்டுற நேரத்துக்கும் கடியாரம் ஓடும் தம்பி, நமக்காக நிக்காது” என்பார். இதைக் கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறார், துட்டி வீட்டில் பந்தலுக்கடியில் உட்கார்ந்தும் சொல்லியிருக்கிறார்.

பயிற்சி ஞாயிறு விடியற்காலை, திருத்தங்கல் தாண்டி ஒரு தோட்டத்துக் கிணற்றில். ஆனைக்குட்டத்திலோ வெம்பக்கோட்டையிலோ அணை இருக்கிறதே என்பீர்கள். மழை பெய்தால் அங்கே தண்ணீர் கிடக்கும், பெய்யாவிட்டால் ஆடு மேயும். எனவே நாற்பதடி அகலக் கிணறு. 1,500 மீட்டர் வர வேண்டுமானால் குறுக்கே நூற்றிருபது தடவைக்கு மேல் கடக்க வேண்டும். தோட்டக்காரர் தடவைக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைப்பார். ஸ்டாப்வாட்ச் என் கையில். ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு நான் ஏன் அங்கே நிற்கிறேன் என்பதற்கு இதுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

பம்ப்செட் ரூம் வாசல்தான் டிரான்சிஷன் ஏரியா. துண்டு விரித்து, அதன்மேல் ஹெல்மெட்டை மல்லாத்தி, அதற்குள் கூலிங்கிளாஸ். ஓடுகிற ஷூவில் லேஸை உருவிவிட்டு எலாஸ்டிக் நாடா கோத்திருக்கும். உள்ளே டால்கம் பவுடர், ஈரக்கால் வழுக்கிக்கொண்டு நுழைய. சாக்ஸ் கிடையாது, அதில் பத்து செகண்டு போய்விடுமாம். பத்தடி தள்ளிக் கோலப்பொடியில் ஒரு கோடு. அதைத் தாண்டினால்தான் சைக்கிளில் ஏறலாம். ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்கலாம். விதிகள் உண்மையானவை, உலகம் முழுக்க அப்படித்தான். ஆனால் ஈர ஜட்டியும் வார் மாட்டிய ஹெல்மெட்டுமாகத் தென்னை மரத்தடியில் நிற்கிற ஜவுளிக்கடை முதலாளியைப் பார்த்துத் தோட்டத்து நாய் ஓயாமல் குரைக்கிறதென்றால் அதன் மேல் குற்றமில்லை.

உச்சக்கட்டம் இனிமேல்தான். சைக்கிள் ஷூக்களை முன்கூட்டியே பெடலில் பூட்டி, கீழே தொங்காமல் ரப்பர் பேண்டால் சைக்கிளோடு கட்டி வைத்திருப்பார். வெறுங்காலோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி, கோடு தாண்டியதும் எகிறி ஏறி, மிதிக்கிற வேகத்தில் ரப்பர் பேண்ட் அறுந்துவிழ, ஓடுகிற சைக்கிளிலேயே ஷூவுக்குள் காலை நுழைக்க வேண்டும். வெளிநாட்டு வீரர்கள் செய்கிற வீடியோவை அவர் ஸ்லோமோஷனில் வைத்து எனக்குக் காட்டியிருக்கிறார். அண்ணாச்சியும் ஓடினார், எகிறினார். சீட்டு கிடைத்தது, பெடல் கிடைக்கவில்லை. வரப்போரத்துச் சீமைக்கருவேல் நம் மாவட்டத்தில் யாரையும் கைவிடுவதில்லை. முள்ளுக்குள்ளிருந்து முதலில் வந்தது முனகல் அல்ல.

“தம்பி, டைம் எவ்வளவு?”

நாலு நிமிஷம் சொச்சம். நல்ல வீரர்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அண்ணாச்சி உடனே கிணற்றுப்படி ஏறின ஒன்றரை நிமிஷத்தைக் கழித்துவிட்டார். போட்டியில் கிணறு கிடையாதாம்.

மதினியின் கணக்கு வேறு. “டி-ஒன்னுக்கு நாலு நிமிஷம். அந்த ஈரத்துண்டக் கொடியில போட நாலு நாளு.”

மற்ற நாளெல்லாம் கால்வலி. யாராவது பாவம் பார்த்து “லாக்டிக் ஆசிட் சேர்ந்திருக்கும் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். அது ஓடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து வடிந்துவிடும், மறுநாளும் மூன்றாம் நாளும் உச்சத்துக்குப் போகிற இந்த வலி தசைநாரில் விழுகிற நுண்ணிய சேதத்தால் வருவது என்று விளக்குவார். நீண்டுகொண்டே பாரம் தாங்குகிற தசைக்குத்தான் அடி அதிகம். அதனால்தான் படி ஏறுவதைவிட இறங்குவது கொடுமை. சொல்வதெல்லாம் சரிதான். உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் தசையை இழுத்து வளைப்பதால் மறுநாள் வலி பெரிதாகக் குறைவதில்லை என்று ஆய்வுகள் சொல்வதும் அவருக்குத் தெரியும். லேசாக நடப்பது, நன்றாகத் தூங்குவது, தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது, இவையெல்லாம் செலவில்லாத வைத்தியம் என்பதால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஐஸ் கம்பெனியிலிருந்து பார் ஐஸ் வரவழைத்து, கல்யாண அண்டாவில் போட்டு, முழங்கால் வரை இறங்கி நிற்பார். பிறகு ஃபோம் ரோலர் என்கிற உருளையைத் தொடைக்கடியில் கொடுத்துக் கூடம் முழுக்க உருளுவார். அவர் அம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, “எந்தக் கோயிலுக்குய்யா நேந்துகிட்ட?” என்று கேட்டார்.

சைக்கிளைவிட்டு இறங்கி ஓடும்போது கால் தன்னுடையது போலவே இருக்காது என்பது அவருடைய இன்னொரு புலம்பல். ஒரே வட்டத்தில் சுழன்று பழகின தசைக்கு ஓட்டத்தின் தாளம் பிடிபட நேரமாகும். கடைசி சில நிமிஷம் லேசான கியரில் வேகமாக மிதித்து, இறங்கியதும் எட்டுகளைச் சிறிதாக வைத்து, இதையே வாராவாரம் பழகினால் சரியாகும். அண்ணாச்சி சாத்தூர் ரோட்டில் சைக்கிள் விட்டு வந்து, கடைத்தெருவில் அப்படியே ஓடிப் பழகுகிறார். கால் அகட்டி ஓடுகிறவரைப் பார்த்து மூலக்கடுப்புக்கு மருந்து சொன்னவர்கள் உண்டு.

எதிர்த்துப் பேசினால் ஹவாய்க்குப் போய்விடுவார். 1978 பிப்ரவரி 18, கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் தொடங்கிவைத்த முதல் அயர்ன்மேன் ட்ரையத்லான். கிளம்பினது பதினைந்து பேர், முடித்தது பன்னிரண்டு. முன்னணியில் போனவருக்குத் தண்ணீர் தீர்ந்துபோய்க் கூட வந்தவர்கள் பீர் கொடுக்க, அவர் இரண்டாவதாக வந்தார். இந்தக் கடைசித் தகவலைச் சொல்லும்போது மட்டும் அண்ணாச்சி மதினி இருக்கிற பக்கம் பார்க்கமாட்டார்.

சிரிப்பு எனக்கு ஒரே இடத்தில் நின்றுபோகும். கடையில். நின்றே வியாபாரம் பார்க்கிற ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கேரளத்தில் 2018-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்றது. தமிழ்நாட்டில் 2021-இல் வந்தது. அண்ணாச்சி சட்டத்தை மதிப்பவர், சேலை செக்‌ஷனுக்கு ஸ்டூல் வாங்கிப் போட்டார். அதில் ஒன்று இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதன்மேல் அண்ணாச்சியின் கால்கள். எதிரே, காலை ஒன்பதரையிலிருந்து நிற்கிற அக்கா ஒருவர் ஒரு கால் மாற்றி ஒரு கால் ஊன்றிக்கொண்டு சேலை மடிக்கிறார். தீபாவளி சீசனில் இரவு பத்து மணிக்கு இறங்கி, கடைசி பஸ்ஸைப் பிடித்து, ஊருக்குப் போய் உலை வைக்க வேண்டியவர். அவரிடம் அண்ணாச்சி ரெகவரி பற்றி விளக்குவதை நான் இந்தக் காதால் கேட்டேன். ஸ்டூலை அங்கே திருப்பிப் போடுங்கள் அண்ணாச்சி. இதை நேரிலும் சொன்னேன், “போடுவோம் தம்பி” என்றார். இன்னும் போடவில்லை.

ஆனாலும் கிழக்குக் கடற்கரையில் நடந்த ஒரு போட்டிக்கு அவர் கூப்பிட்டபோது நான் போகாமல் இருக்கவில்லை. கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் தெரியாத மனிதர், அலையைப் பார்த்து ஒரு நிமிஷம் வெலவெலத்து நின்றுவிட்டு உள்ளே போனார். கரையேறினார், சைக்கிளில் விழாமல் ஏறினார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் வயதுக்காரர்கள் எல்லோரும் முடித்து, இளநீர் குடித்து, மெடலோடு படமெடுத்து, காரைக் கிளப்பிவிட்டார்கள். பினிஷிங் ஆர்ச்சில் காற்றைப் பிடுங்கப்போன பையனிடம் நானும் மதினியும் கெஞ்சி நிறுத்தி வைத்திருந்தோம். அப்போது வளைவில் தெரிந்தார், சின்னச் சின்ன எட்டாக, வாயைப் பிளந்துகொண்டு. தொண்டை கட்டும் வரை கத்தினேன். மதினி அழுதுவிட்டார்.

முடிவுத்தாள் வந்தது. டி-டூ ஐம்பத்து நாலு செகண்டு. அண்ணாச்சி வாழ்நாளில் காணாத டைம். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்துவிட்டு, “அதென்ன தலையில?” என்றார்.

பத்துக் கிலோமீட்டரும் ஹெல்மெட்டோடு ஓடியிருக்கிறார். வார்கூட அவிழ்க்கவில்லை.

அண்ணாச்சி கையை மேலே கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அதக் கழட்ட எப்படியும் பத்து செகண்டு ஆகும் தம்பி. மிச்சம்தானே?”