முதல் விசிலுக்கே தொடங்குங்கள்

கேள்வி: காலையில் டிபன், பிள்ளைகளின் ஸ்கூல் பை, எட்டு மணி பஸ் என்று ஒரே ஓட்டம். ராத்திரி முழங்கால் போட்டால் தூக்கம்தான் வருகிறது, வார்த்தை வருவதில்லை. ஜெபிக்க எப்படிக் கற்றுக்கொள்வது?
- ஒரு வாசகி, நாசரேத்

பதில்: கலங்க வேண்டாம், சகோதரி. இயேசுவோடு கூடவே நடந்து, கூடவே சாப்பிட்ட சீடர்களே ஜெபிக்கக் கற்றுத்தரும்படி அவரிடம் கேட்டார்கள். லூக்கா 11-இல் இருக்கிறது. அவர் கொடுத்த பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிஷம்தான். அதற்குள் அன்றாட ஆகாரமும் மன்னிப்பும் அடங்கிவிட்டன. கடவுள் நீளம் பார்ப்பதில்லை.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையற்கட்டில் வேலை பார்த்தவர் சகோதரர் லாரன்ஸ். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே கடவுளோடு பேசப் பழகினார். 1691-இல் இறந்த அவரிடம் உலகம் இன்றும் ஜெபம் படிக்கிறது.

உங்களுக்கும் அடுப்படி இருக்கிறது. அரிசி களையும்போது அந்த அரிசிக்காக ஒரு நன்றி. டிபன் பாக்ஸை மூடும்போது அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்லி ஒரு வேண்டுதல். பஸ்ஸில் உட்கார்ந்ததும், மனசைப் புண்படுத்தியவருக்கு ஒரு மன்னிப்பு. வார்த்தை வராத நாளில் சங்கீதப் புத்தகத்தைத் திறங்கள். அழுகை, கோபம், ஆனந்தம் எல்லாவற்றுக்கும் அந்த 150 சங்கீதங்களில் சொல் இருக்கிறது.

ராத்திரி தூக்கம் வந்தால்? மடியில் பேசிக்கொண்டே தூங்கிப்போன பிள்ளையை எந்த அப்பா கோபிப்பார்?

நாளைக் காலை குக்கரின் முதல் விசிலுக்கே தொடங்குங்கள்.