எஞ்சினுக்குத் திருமஞ்சனம்

கல்லும் காசும் கிட்டாதபோது மனத்திற்குள்ளேயே ஒரு கோயிலைக் கட்டி முடித்து, காஞ்சியில் கற்றளி எழுப்பிய காடவர்கோன் குறித்திருந்த அதே நாளில் பிரதிஷ்டைக்கும் நாள் குறித்து, மன்னனையே தன் முகூர்த்தத்தை மாற்றிக்கொள்ளச் செய்த பூசலார் நாயனார் எங்கள் திருநின்றவூர்க்காரர். அவர் வாழ்ந்த ஊரில் குடியிருந்தும், கார் எஞ்சினைச் சுத்தம் செய்யும் கைங்கரியத்தை மனத்தளவில் நிறுத்திக்கொள்ளாமல் கையாலேயே செய்யப் புகுந்தேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், என் பழைய மாருதி 800-இன் பானெட்டைத் திறந்தபோது, கசிந்த எண்ணெயும் சி.டி.எச். ரோட்டுப் புழுதியும் வருஷக்கணக்கில் கலந்து, வடை சுட்ட இரும்புச் சட்டியின் அடிபோல் இறுகிப்போயிருந்ததால், உள்ளே மூன்று சிலிண்டர்கள் உண்டு என்பதை அனுமானப் பிரமாணத்தால்தான் நிச்சயிக்க வேண்டியிருந்தது. ஆவடி வரை போய்வந்த சூடு தணியுமுன்பே, சலவைத் தூளைத் தாராளமாகத் தூவி, குழாயை முழு வேகத்தில் திறந்து, பக்தவத்சலப் பெருமாளுக்குத் திருமஞ்சனம் செய்யும் சிரத்தையோடு நீராட்டினேன். “இவ்வளவு தண்ணி ஊத்தலாமாங்க?” என்றாள் மனைவி. “கப்பலே கடலில்தானே ஓடுகிறது!” என்றேன். அந்த விடையின் அழகில் நானே மயங்கிவிட்டதால் வினாவை மறந்துபோனேன்.

சாவியைத் திருப்பினேன். வண்டி இருமுறை இருமிவிட்டு மௌன விரதம் பூண்டது.

பட்டறையிலிருந்து வந்த மெக்கானிக் தம்பி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிச் சாய்த்தார், தீர்த்தம் வழிந்தது. “இதுல மீனே வளக்கலாம் சார்” என்றார். பிளக்குக்குப் போகவேண்டிய மின்சாரம் ஈரத்தைக் கண்டதும் குறுக்குவழியில் ஓடிவிடுமாம். துணியால் துடைத்தும் கம்ப்ரஸர் காற்றடித்தும் உலர்த்திக்கொண்டே எனக்கு உபதேசம் நிகழ்த்தினார். முதலில் எஞ்சின் நன்றாக ஆறவேண்டும். கொதிக்கும் உலோகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் காணலாம். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், காற்று புகும் வாய், ஃபியூஸ் பெட்டி ஆகியவற்றைப் பாலிதீன் பையால் இறுகக் கட்டவேண்டும். டிகிரீஸரைப் பூசிச் சில நிமிஷம் ஊறவிட்டு, காய்வதற்குள் பிரஷ்ஷால் தேய்த்து, பூவாளி ஊற்றுவதுபோல் மெல்லக் கழுவினால் போதும்.

“பெட்ரோல் ஊற்றித் துடைக்கலாம் என்றுகூட நினைத்தேன்” என்று நான் பெருமையுடன் சொல்ல, அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். சிறு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் அந்த ஆவியைப் பற்றி அவர் சொன்ன வாசகங்களை அச்சில் ஏற்ற இயலாது. மண்ணெண்ணெய்க்கு அத்தனை உக்கிரமில்லை; ஆனாலும் அதுவும் தீப்பிடிப்பதே, ரப்பர் குழாய்களையும் ஊறி உப்பச் செய்வதே. கழுவிய எண்ணெய் நீர் கால்வாய் வழியே ஏரியைத் தேடிப் போகாமல் மணலைக் கொட்டித் தடுத்து அள்ளுங்கள் என்றும் சொன்னார். எல்லாம் நியாயமே, ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்லப்பட்டிருந்தால் இன்னும் நியாயமாக இருந்திருக்கும்.

மாலையில் வண்டி கிளம்பியது. “அழுக்கு போனாத்தான் சார் ஒழுகல் தெரியும்” என்று டார்ச் அடித்துக் காட்டினார். டேப்பெட் கவர் பேக்கிங் போயிருக்கிறது. திங்கட்கிழமை மாற்றுகிறார்.