பர்ஜ் அண்ணாச்சி

வரைபடம் போடும் ஆபீஸ் எதுவானாலும் அங்கே ஒரு பிளாட்டர் இருக்கும், ஒரு அண்ணாச்சி இருப்பார். பிளாட்டர் மக்கர் செய்தால் சர்வீஸ் ஆள் வருவான். வரையும் மென்பொருளான ஆட்டோகேட் மக்கர் செய்தால் அண்ணாச்சிதான் வர வேண்டும். திருநெல்வேலியில் நான் வேலை பார்த்த ஆபீசில் அவருக்குப் பெயர் பர்ஜ் அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள ரிஜிஸ்டரோடு சரி.

கோடு இழுத்தால் கோடு வராது. திரை வெளுத்து, நீல வளையம் சுற்றி, தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்துவிடும். "அண்ணாச்சி, தொங்கிருச்சு" என்று ஒரு குரல் போதும், டீ கிளாஸோடு எழுந்து வருவார். உட்கார மாட்டார். மவுஸைத் தொடவும் மாட்டார். நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி வாயாலேயே வைத்தியம்.

"ஏல, ஃபைல் எங்க கெடக்கு?"

"பென்டிரைவ்ல அண்ணாச்சி."

"மாப்பிள்ளைய வாசல்ல நிறுத்தி வச்சே கல்யாணத்த முடிச்சிருவ போலிருக்கே. மொதல்ல டெஸ்க்டாப்புல எறக்கு."

அடுத்த கேள்வி, எத்தனை எம்பி? மூன்று அறை உள்ள தரைத்தள வீடு, 38 எம்பி என்று பதில் வந்தால் அவர் முகம் மலரும். கட்டளை வரியில் பர்ஜ் என்று அடிக்கச் சொல்வார்; படத்தில் பயன்படாமல் ஃபைலுக்குள் கிடப்பதைக் கழித்துக்கட்டும் கட்டளை அது. பெட்டி திறக்கும். உள்ளே இருப்பது எதுவும் அந்த வீட்டுச் சொத்து இல்லை.

எங்கள் தொழிலில் பெரும்பாலும் யாரும் வெறுந்தாளில் தொடங்குவதில்லை. பழைய வேலையை 'சேவ் ஆஸ்' போட்டு அதன் தலையிலேயே புது வேலையைக் கட்டுவோம். அதனால் மூன்று அறை வீட்டின் வயிற்றுக்குள் பெட்ரோல் பங்க் கூரையும், காலேஜ் கழிப்பறைக் கோப்பைகளும், ஆஸ்பத்திரி லிஃப்டும் பிளாக் எனும் பெயரிட்ட உருவங்களாகக் கிடக்கும். திரையில் ஒன்றும் தெரியாது. அண்ணாச்சி பட்டியலைப் பார்த்தே குலம் கோத்திரம் சொல்வார்.

"இந்த மாமரம் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போட்டது. ஒரு மரத்துக்கு ஆயிரம் இலை. எந்த வேலையத்தவன் வரைஞ்சானோ, இலைக்கு நரம்பு வேற!"

'பர்ஜ் ஆல்' அடித்ததும் 38 எம்பி 4 ஆகிவிடும். அதோடு விட மாட்டார். ஆடிட் போடச் சொல்லிப் பிழை திருத்துவார். பிறகு ஓவர்கில். காப்பி கட்டளையைத் திரும்பத் திரும்ப அழுத்தியவன் புண்ணியத்தில், ஒரு சுவர் என்று நாம் நினைத்த இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு சுவர் நிற்கும். ஓவர்கில் ஆறைத் தள்ளிவிடும். கடைசியாக, டைல்ஸுக்கும் புல்தரைக்கும் பொடிப்பொடியாய் நிரப்பிய ஹேட்ச் லேயரைத் தேடுவார்.

"ஆஃப் பண்ணித்தான் வச்சிருக்கேன் அண்ணாச்சி."

"ஆஃப்ங்கறது போர்வைக்குள்ள முழிச்சுக் கெடக்குறதுல. ரீஜென்னு படம் திரும்ப உருவாவும்போது அதுவும் சேந்து எந்திரிக்கும். ஃப்ரீஸ் பண்ணு, அதுதான் தூக்கம்."

முதலாளிக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, புதுக் கம்ப்யூட்டர். ஒரு தீபாவளிக்கு 16 கோர் பிராசஸர் போட்ட மெஷினை இறக்கினார். அதிலும் வரைபடம் அதே நடைதான் நடந்தது. ஆட்டோகேட் பெரும்பாலான வேலையை ஒற்றைக் கோரில்தான் செய்யும்; ஒரு கோர் எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதுதான் பேச்சு. அண்ணாச்சி இதை இப்படி விளக்கினார்: "முதலாளி, பதினாறு கொத்தனார வரச் சொல்லிட்டு ஒத்தக் கரண்டி குடுத்திருக்கீங்க."

அவர் டிரேசிங் தாளில் தொழில் பழகியவர். ஆட்டோகேட் 1982 டிசம்பரிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது என்றாலும் அவர் கைக்கு முதலில் வந்தது டி-ஸ்கொயரும் மைப் பேனாவும்தான். தப்பாய் விழுந்த மைக்கோட்டைப் பாதி பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். அந்தப் பெருமையில் வாரம் ஒரு முறையாவது எங்களுக்கு உபதேசம் நடக்கும். "பிளேடால சுரண்டுனா போச்சு. கம்ப்யூட்டர்ல எரேஸ் பண்றது சுரண்டுறது இல்லல, பாய்க்கு அடியில தள்ளுறது. கண்ணுக்குக் கோடு போயிரும், உள்ள பிளாக் அப்படியே இருக்கும்."

ஒரு ஆடி மாதம் ஆபீசே தொங்கியது. யார் எதைப் புதிதாகப் போட்டாலும் 11 எம்பிக்குக் குறையவில்லை. அண்ணாச்சி முதலாளி அறைக்குப் போனார். "வைரஸ். ஒரு வாரம் ஆவும்" என்றார். முதலாளி நம்பினார். நம்பாமல் எப்படி? 'ஏகேட் டாட் எல்எஸ்பி' என்ற பெயரில் ஃபோல்டர் ஃபோல்டராகத் தொற்றும் வைரஸ் ஆட்டோகேடுக்கு நிஜமாகவே உண்டு. ஒரு வாரத்துக்கு யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. டீ இரண்டு வேளையிலிருந்து நாலு வேளையானது.

மறுநாள், பாலிடெக்னிக் முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, புது டிராயிங் தொறந்து ஒரு கோடுகூடப் போடாம சேவ் பண்ணினேன். 11 எம்பி காட்டுது. பர்ஜ்ல பாத்தா மணமேடை, நாதஸ்வர மேடை, பந்தி மேசைன்னு வரிசையா இருக்கு. 'பந்தி இலை'ன்னு ஒண்ண இன்சர்ட் பண்ணிப் பாத்தேன். வாழை இலைக்கு நரம்பு வேற வரைஞ்சிருக்காங்க."

அண்ணாச்சியின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது. புது டிராயிங் தொடங்கும் டெம்ப்ளேட்டை எங்கள் ஆபீசுக்குச் செய்து கொடுத்தவர் அவர்தான். 2011ல் ஒரு கல்யாண மண்டபம் முடிந்த கையோடு, அந்த வரைபடத்தை அப்படியே மொத்தமாகப் பிடித்து எரேஸ் அடித்து, வெறுந்திரையைப் பார்த்துத் திருப்திப்பட்டு, டெம்ப்ளேட்டாகச் சேமித்திருந்தார். அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் பிறந்த வீடு, கடை, கோழிப்பண்ணை எல்லாம் ஒரு கல்யாணப் பந்தியைச் சுமந்துகொண்டே பிறந்திருக்கின்றன.

அந்தப் பெண்ணுக்கு இந்தப் பூர்வீகம் தெரியாது. "டெம்ப்ளேட்லயே பர்ஜ் போட்டுரட்டுமா அண்ணாச்சி? ஒரு நிமிஷ வேலைதான்."

அண்ணாச்சி முதலாளி அறைக் கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். இலையை இன்னொரு தரம் பார்த்தார்.

"பொறு தாயி. ஒரு வாரம்னு சொல்லியாச்சு. வெள்ளிக்கிழம சாயங்காலமா போடு."