வாடிப்பட்டி மாப்பிள்ளை, போடிப் பெண்

எனக்கு ஊர் வாடிப்பட்டி. மனைவிக்குப் போடி. பத்துப் பொருத்தமும் பார்த்த ஜோசியர் ஊர்ப் பொருத்தத்தை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டார். விஷயம் வெளியே வந்தது கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதுதான்.

எங்கள் பக்கம் பத்திரிகையில் பெயருக்கு முன்னால் ஊரைப் போடுவது வழக்கம். அச்சகத்தில் புரூப் பார்த்த பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தம்பி, வரப்போற மாமியாரைப் பத்திரிகையிலயே 'போடி திருமதி'ன்னு போட்டிருக்கீங்களே, பரவாயில்லையா?" என்றார். நடுவில் ஒரு கமா போட்டுப் பார்த்தோம். அதட்டல் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் 'போடிநாயக்கனூர்' என்று முழுசாகப் போட்டதில் மாமியார் பெயர் அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. அந்த வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது.

போடி என்பது அந்தச் சீமையை ஆண்ட பாளையக்கார நாயக்கர்களின் பெயர். யாரையும் விரட்டுவதற்காக வைத்ததல்ல. எங்கள் வாடியும் யாரையும் அழைப்பதல்ல. வாடிவாசலில் இருக்கிற அதே வாடி, அதாவது அடைப்பு என்பது என் அப்பாவின் கட்சி. அலங்காநல்லூரும் பாலமேடும் எங்கள் தாலுகாவில்தான் இருக்கின்றன என்பதை அவர் ஆதாரமாகக் காட்டுவார். பட்டி என்றாலும் ஆடுமாடு அடைக்கிற இடம்தான். ஆக அப்பா கணக்கில் நாங்கள் அடைப்புக்குள் அடைப்பில் வசிக்கிறோம். அம்மா அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

அகராதி என்ன சொன்னாலும் காது கேட்டால்தானே! ஊர்ப் பெயரில் சிலேடை பாட ஒரு காலத்தில் காளமேகம் வேண்டியிருந்தது. இப்போது ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரே போதும். ஒருவர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு "தேனி, போடி! தேனி, போடி!" என்று கூவுவார். முதல்முறை மதுரைக்கு வந்த என் அத்தை, "அந்தத் தேனிப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு, இந்த மனுசன் இந்த விரட்டு விரட்டுறாரு?" என்று கேட்டார்.

நானும் ஒருமுறை மாட்டினேன். மனைவி தாய் வீட்டில் இருந்தாள். அவளைக் கூட்டிவர, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். பஸ் நிலக்கோட்டையைத் தாண்டும்போது போன் வந்தது. "எங்க போறீங்க?" என்றாள். சிக்னல் சரியில்லை. "போடி" என்றேன். "என்னது?" என்றாள். "போடி!" என்று கத்தினேன். மூன்றாவது தடவை நான் கத்தியதில் டிரைவரே கண்ணாடியில் பார்த்தார். பக்கத்துச் சீட்டில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்பத்தா சுண்ணாம்பு விரலை என் முகத்துக்கு நேராக நீட்டி, "ஏப்பா, கட்டுனவள இப்பிடித்தான் பேசுறதா? நீயும் அக்கா தங்கச்சியோட பெறந்தவன்தானே?" என்றது. விளக்கினேன். "அப்ப முழுசா நாயக்கனூர்னு சொல்றதுக்கு வாய் வலிக்குதாக்கும்" என்று வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டது. நம்பியதாகத் தெரியவில்லை. பெரியகுளத்தில் இறங்கும்போதும் ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் போனது.

இந்தப் பாதையே அப்படித்தான். வாடிப்பட்டி தாண்டியதும் கொடைரோடு. பெயரை நம்பி ரயிலை விட்டு இறங்கி ஸ்வெட்டர் மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரோடு மட்டும்தான் அங்கே. கொடைக்கானலுக்கு இன்னும் எண்பது கிலோமீட்டர். அடுத்து வத்தலகுண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையர் பிறந்த ஊர். அவர் பி.ஆர். ராஜமையர். ஊர் வத்தலகுண்டு என்றால் இனிஷியலில் 'வ' அல்லவா வரவேண்டும்? வெள்ளைக்காரன் வாயில் ஊர் 'பட்லகுண்டு' ஆகிவிட்டது; அந்த 'பி'தான் அவர் பெயருக்கு முன்னால் நிற்கிறது. இந்த மாதிரி ஆங்கில எழுத்துக் குளறுபடிகளைச் சரிசெய்ய 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களுக்குப் புது எழுத்துக்கூட்டல் அறிவித்தது. அந்த எழுத்துகளை வாசிப்பதற்கு ஆளுக்கொரு வழி கிளம்பவே, சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி வழியாகப் போனால் ஆண்டிபட்டி வரும். பெயரைக் கேட்டால் திருவோடு ஞாபகம் வரும். ஆனால் 1984-ல் அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே எம்.ஜி.ஆர். ஜெயித்தது இந்தத் தொகுதியில். 2002 இடைத்தேர்தலில் ஜெயலலிதா நின்று வென்றதும் இங்கேதான். பெயரில் ஆண்டி, இந்த இருவருமோ நாட்டை ஆண்டவர்கள். தமிழில் எழுத்து கொஞ்சம் மாறினால் எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

போடிக்கு மேலே ஏறினால் கேரளம். போடியில் ஏலக்காய் வியாபாரம் பெரிசு, ஏலம் நடக்கும். ஏலத்தை ஏலம் விடுகிற ஊரில் சிலேடை வேறு தனியாகத் தேட வேண்டுமா? என் மாமனாருக்குத் தெரிந்த மலையாள வியாபாரி ஒருவர், முதல்முறை மதுரைப் பக்கம் போய்விட்டு வந்து பயந்துபோய்க் கேட்டாராம்: "எந்தா சேட்டா, நிங்ஙளுடெ நாட்டில் எல்லா ஊரும் பட்டியா?" அவர் மொழியில் பட்டி என்றால் நாய். ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, செக்கானூரணி என்று போர்டு படித்துக்கொண்டே போனவர், செக்கானூரணியில்தான் மூச்சு விட்டிருக்கிறார். அந்த ஆளிடம் மாமனார் என்னை அறிமுகப்படுத்தினார்: "இவர் நம்ம வாடிப்பட்டி மாப்பிள்ளை." அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து கைகொடுத்தார்.

2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. மீட்டர்கேஜ் பாதையை மூடியதிலிருந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்த ஊர். ஸ்டேஷன் பலகையில் 'போடிநாயக்கனூர்' என்று முழுசாக இருப்பதை மனைவி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். கீழே ஒரு வரி: 'பாருங்க, ரயில்வேக்காரங்களுக்கு மரியாதை தெரியுது.'

போன தீபாவளிக்கு முன்னால் சாமான் வாங்க மதுரைக்குப் போயிருந்தோம். புடவைக் கடையில் ஆரம்பித்த சண்டை ஆரப்பாளையம்வரை வந்தது. ஒரு பக்கம் திண்டுக்கல் வண்டி கண்டக்டர் "வாடிப்பட்டி, வாடிப்பட்டி" என்று கூப்பிடுகிறார். இந்தப் பக்கம் "தேனி, போடி, போடி". அவள் இரண்டையும் ஒரு நிமிஷம் நின்று கேட்டாள்.

"உங்க ஊர் பஸ்ஸு வாடிங்குது, எங்க ஊர் பஸ்ஸு போடிங்குது. இருந்தாலும் நான் எதுல ஏறுறேன்னு பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தேனி வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுச் சாவி அவள் பையில் இருந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். ஓடிப்போய் ஏறி, "போடி, ரெண்டு" என்றேன்.