வாலிப வயோதிக அன்பர்களே!

1889 ஜூன் 1. பாரிஸில் உயிரியல் கழகத்தின் கூட்டம். சார்லஸ் எடுவார்ட் பிரவுன்-செக்கார்ட் என்ற 72 வயதுப் பேராசிரியர் எழுந்தார். நாயின் விரையையும் கினிப் பன்றியின் விரையையும் நசுக்கி, தண்ணீர் விட்டுப் பிழிந்து, வடிகட்டி, தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டதாகவும், இளமை திரும்பிவிட்டதாகவும் அறிவித்தார்.

ஆள் லேசுப்பட்டவர் அல்ல. மொரீஷியஸில் பிறந்தவர். தண்டுவடம் பாதி அறுபட்டால் உடம்பில் என்ன நடக்கும் என்று கண்டு சொன்னவர். அந்த நிலைக்கு இன்றும் அவர் பெயர்தான். கிளாட் பெர்னார்டுக்குப் பிறகு அவருடைய பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவர். சொந்த உடம்பில் சோதித்துப் பார்ப்பது அவருக்குப் பழைய பழக்கம். 1854-இல் மொரீஷியஸில் காலரா பரவியபோது நோயாளியின் வாந்தியையே விழுங்கிப் பார்த்தார். அப்பேர்ப்பட்டவருக்கு விரைச்சாறு என்ன பிரமாதம்?

விஞ்ஞானி அல்லவா, வெறும் வாயோடு வரவில்லை; கணக்கோடு வந்தார். கைப்பிடியின் வலுவை அளக்கும் கருவியில் 6, 7 கிலோ கூடியிருந்தது. மாடிப்படியில் ஓட்டமாக ஏற முடிந்தது. மலச்சிக்கல் ஒழிந்தது. பிறகு முக்கியமான அளவீடு: ஒரே மாதிரி சாப்பிட்டுக் குடித்த பிறகு, தன் சிறுநீர் எவ்வளவு தூரம் பாய்கிறது என்று ஊசிக்கு முன்னும் பின்னும் அளந்திருந்தார். கால் பங்கு கூடுதல்! ஐரோப்பாவின் மூத்த நரம்பியல் மேதை இந்தக் கணக்கை எந்தக் கோலத்தில் நின்று எடுத்திருப்பார் என்பதை வாசகர் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

பாவம், அந்தச் சாற்றில் சரக்கே இல்லை. விரை ஹார்மோனைச் சுரக்கும், சேமித்து வைக்காது. போதாக்குறைக்கு, டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஹார்மோன் தண்ணீரில் சரியாகக் கரையாது. பேராசிரியரை மாடி ஏற்றியது அவருடைய ஆசைதான். ஆனால் ஆசைக்கு அடுத்த நாளே சந்தை கிடைத்தது. பிட்ஸ்பர்க் பேஸ்பால் அணியின் பட் கால்வின் அதே ஆண்டு அந்தச் சாற்றை ஏற்றிக்கொண்டு ஆடி ஜெயித்தார். பத்திரிகை மருந்தைப் பாராட்டியது. இன்றைக்கென்றால் ஊக்கமருந்து என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

சாறு போதாது, சதையே வேண்டும் என்று கிளம்பினார் செர்ஜ் வோரோனோஃப். 1920-இல் சிம்பன்சியின் விரையை மெல்லிய வில்லைகளாகச் சீவி, மனிதரின் விரைப்பைக்குள் வைத்துத் தைத்தார். பணக்காரக் கிழவர்கள் வரிசைகட்டினார்கள். குரங்கு வரத்துக்குத் தட்டுப்பாடு வரக் கூடாதென்று இத்தாலியக் கடலோரத்தில் தன் மாளிகையிலேயே குரங்குப் பண்ணை வைத்தார்.

அமெரிக்காவின் கான்சஸ் விவசாயிக்குச் சிம்பன்சி கட்டுப்படியாகுமா? அவருக்கென்றே வந்து சேர்ந்தார் ஜான் பிரிங்க்லி. காசு கொடுத்து வாங்கிய பட்டத்தோடு. மில்ஃபோர்ட் என்ற சிற்றூரில் ஆட்டுக்கிடாவின் விரையை மனிதருக்கு வைத்துத் தைக்கக் கட்டணம் 750 டாலர். அதிகம் நாற்றமடிக்காத டோகன்பர்க் ஜாதிக் கிடாய்களாகப் பார்த்து வாங்கினார். தொழிலில் அந்தச் சுத்தபத்தம் உண்டு. 1923-இல் சொந்தமாக வானொலி நிலையம் தொடங்கி, நேயர் கடிதங்களைப் படித்து மைக்கிலேயே மருந்து சொன்னார். நள்ளிரவு டிவியில் லாட்ஜ் வைத்தியர்களின் நிகழ்ச்சியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஆசாமியை அறிமுகப்படுத்தவே வேண்டாம்.

கிடாவின் விரை மனித உடம்பில் பிடிக்காது. சீழ் பிடிக்கும். செத்தவர்களும் உண்டு. 1930-இல் மருத்துவ உரிமம் பறிபோனது. மனிதர் அசரவில்லை, அதே ஆண்டு கவர்னர் தேர்தலில் நின்றார். வாக்குச்சீட்டில் பெயரே இல்லாமல், வாக்காளர்கள் கைப்பட எழுதிப் போட்டதிலேயே 1,80,000-க்கும் மேல் ஓட்டு! டாக்டர் பட்டம் பொய்யானால் என்ன, தலைவருக்கு வேண்டிய லட்சணம் எல்லாம் இருந்ததே.

வியன்னாவில் யூஜின் ஸ்டைனாக் கொஞ்சம் நாசூக்கானவர். ஆட்டையும் குரங்கையும் தொந்தரவு செய்யவில்லை. விந்துக்குழாயைக் கட்டிவிட்டால் விந்தணு உண்டாவது நின்று, ஹார்மோன் பெருகும் என்பது அவர் கணக்கு. 1923-இல் சிக்மண்ட் ஃப்ராய்ட் செய்துகொண்டார். 1934-இல் கவிஞர் யேட்ஸ் 68 வயதில் செய்துகொண்டு, எனக்கு இரண்டாம் பருவம் வந்துவிட்டது என்று சொல்லித் திரிந்தார். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கும் ஆண்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனின் உறவுக்கார வைத்தியம்தான் இது. ஹார்மோன் ஒரு சொட்டுகூட அதிகரிக்காது.

இத்தனை கூத்துக்கும் நடுவே வேதியியல்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். 1931-இல் அடால்ஃப் பூட்டெனன்ட் 15,000 லிட்டர் போலீஸ்காரர் சிறுநீரைக் காய்ச்சி, ஆண்ட்ரோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை 15 மில்லிகிராம் எடுத்தார். 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழு ஏறக்குறைய 100 கிலோ காளை விரையிலிருந்து 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தது. அதே ஆண்டு பூட்டெனன்டும், ருசிக்கா என்ற இன்னொரு வேதியியல்காரரும் அதைக் கொலஸ்டிராலிலிருந்தே செய்துகாட்டினார்கள். காளைகளும் காவலர்களும் தப்பித்தார்கள். 1939-இல் இருவருக்கும் நோபல். பரிசை வாங்கக் கூடாதென்று பூட்டெனன்டை நாஜி அரசு தடுத்தது.

ஆக, சரக்கு உண்மையாகிவிட்டது. பிட்யூட்டரியில் கட்டி வந்தவர், விரை கெட்டுப்போனவர், பிறவியிலேயே சுரப்பு குறைந்தவர் போன்றோருக்கு அது வரப்பிரசாதம். எலும்பும் சதையும் மனசும் தேறும். அதற்கும் ஒழுங்கு உண்டு: அறிகுறி இருக்க வேண்டும், இரண்டு வெவ்வேறு நாள் காலையில் எடுத்த ரத்தத்திலும் அளவு குறைந்திருக்க வேண்டும். அசதி, தொப்பை, ஆபீஸ் எரிச்சல் மூன்றையும் கூட்டினால் ஹார்மோன் குறைபாடு வந்துவிடாது.

இந்தச் சடங்கையெல்லாம் தாண்டி, ஜிம் நண்பர் சொன்னார் என்று ஊசி போட்டுக்கொள்ளும் வீரர்களுக்கு உடம்பு ஒரு பாடம் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து சரக்கு வந்து இறங்கினால், உள்ளூர் ஆலையை மூடச் சொல்லி மூளை உத்தரவு போட்டுவிடும். விரை சுருங்கும்; விந்தணு குறையும். உலக சுகாதார நிறுவனம் இதையே வேறு காரியத்துக்குப் பயன்படுத்திப் பார்த்தது. 1990-இல் வெளியான அதன் ஆய்வில், ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆறு மாதத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் விந்தில் ஓர் அணுகூட மிஞ்சவில்லை. ஆய்வின் நோக்கம்? ஆண்களுக்கான கருத்தடை.