உள்ளங்கையில் ஒரு நட்சத்திரம்

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகள், யூதச் சிறுமி ஒருத்தி வரும் நாவலைப் படிக்க ஆசைப்படுகிறாள். கொமரலிங்கத்துப் பிள்ளைக்கும் யூதர்களுக்கும் என்னங்க சம்பந்தம்?
– ஒரு வாசகி, கொமரலிங்கம்

பதில்: பாலக்காட்டைத் தாண்டினால் கொச்சி. அவ்வளவு பக்கத்துச் சம்பந்தம்! மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூத ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. அதே தெருவில் எம்பிராய்டரி கடை வைத்திருந்தார் சாரா கோஹன். யூதர்கள் ஜெபத்தின்போது அணியும் குல்லா அங்கே பேர்போனது. தபால் அட்டை விற்க அந்தத் தெருவுக்கு வந்த முஸ்லிம் பையன் தாஹா இப்ராஹிம். சாராவின் கணவர் இறந்த பிறகு கடையையும் அவரையும் பார்த்துக்கொண்டவர் இந்தத் தாஹாதான். 2019இல், 96 வயதில் சாரா கண்மூடும்வரை கூடவே இருந்தார். பனியன் கம்பெனிகள் சூழ்ந்த உங்கள் ஊர்ப் பக்கத்தில் சொல்லவா வேண்டும்: எந்த நிற நூலென்றாலும் ஊசியின் காது ஒன்றுதானே!

மகளுக்கு லோயிஸ் லௌரியின் ‘நம்பர் தி ஸ்டார்ஸ்’ கொடுங்கள், 1989இல் வந்தது. கதை நடப்பது 1943, டென்மார்க். யூதத் தோழி எலனை வீட்டில் ஒளித்து வைக்கிறது சிறுமி ஆன்மரியின் குடும்பம். நள்ளிரவில் ஜெர்மன் சிப்பாய்கள் கதவைத் தட்டுகிறார்கள். எலன் கழுத்தில் யூத அடையாளமான நட்சத்திரச் சங்கிலி! ஆன்மரி அதை வெடுக்கென்று அறுத்து உள்ளங்கையில் மூடிக்கொள்கிறாள். அவர்கள் போனபின் கையை விரித்தால், நட்சத்திரம் தோலில் பதிந்திருக்கிறது.

அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது மட்டும் மகள் பக்கத்தில் போய் உட்காருங்கள், அம்மா.