மலைக்கு மூட்டை கட்டுறவைக்கு

கேள்வி: மார்கழி லீவுக்குச் சிவனொளிபாத மலைக்குப் போகிறோம். எங்கட ஊரில் ஏறிப் பழக ஒரு மேடுகூட இல்லையே, என்ன செய்ய? (உயர்தர மாணவி, மடத்துவெளி)

மேடு இல்லாட்டி என்ன, காற்று இருக்கே தங்கச்சி! வாடை வீசும் பின்னேரத்தில் வாணர் பாலத்தில் வேலணைப் பக்கம் பார்த்து, காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதியுங்கோ. நெஞ்சு பழகும். காலுக்கு மாடிவீட்டுப் படி போதும். மலைக்கு ஏறும் நல்லதண்ணிப் பாதையில் ஏறத்தாழ 5,500 படி இருக்கு. ஏறேக்க மூச்சுத்தான் வாங்கும், இறங்கேக்கதான் தொடை நடுங்கி முழங்கால் நோகும். அதனால் படியில் இறங்கும் பயிற்சியை ஆறுதலாக, ஒவ்வொரு காலாக ஊன்றிச் செய்யுங்கோ. ஆறு கிழமைக்கு முன்பே தொடங்கினால் நல்லது.

கேள்வி: அங்கே அவ்வளவு குளிரோ? ஒரு சால்வை காணாதோ? (கடற்றொழிலாளர், குறிகட்டுவான்)

கணக்குப் பார்ப்பம் அண்ணை. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். உச்சி 2,243 மீற்றர். கடற்கரையில் இரவு 24 பாகை என்றால் அங்கே பத்தை ஒட்டித்தான் நிற்கும். அதோட காற்று வேறு. கடலில் நனைந்த உடுப்போட வாடையில் நின்றவருக்கு அது எப்பிடி என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் குளிருக்குப் பயந்து அடிவாரத்திலேயே ஸ்வெற்றரைப் போடாதேங்கோ. நான் முதல்முறை அப்பிடிப் போட்டு, வியர்வையில் பனியனைப் பிழியுமளவுக்கு நனைத்துக்கொண்டு உச்சியில் ஒரு மணித்தியாலம் பல்லுக் கிட்டி நின்றேன். மெல்லிய சட்டையோட ஏறுங்கோ. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள கடையில் நனைந்த பனியனைக் கழற்றி, உலர்ந்ததை மாற்றி, அதுக்கு மேல் ஸ்வெற்றர். காதை மூட ஒரு தொப்பி. உச்சியில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், தரை ஐஸாக இருக்கும். அதனால் உலர்ந்த தடித்த காலுறை ஒரு சோடி தனியாக வையுங்கோ.

கேள்வி: எத்தனை மணிக்கு ஏறத் தொடங்குவது? (ஆசிரியர், வேலணை)

மூன்று நான்கு மணித்தியாலம் ஏற்றம், சூரியன் உதிப்பது ஆறு மணி தாண்டி. பழகிய கால் என்றால் இரவு 2 மணி சரி. பருவகாலம் மார்கழிப் போயாவில் தொடங்கி வெசாக்கோடு முடியும். அதுக்குள் போயா நாளையும் சனி ஞாயிறையும் தவிருங்கோ. அந்த நாட்களில் சனம் நிறைந்து, படியில் நின்றபடியே விடிந்துவிடும். பருவம் முடிந்த பிறகு பாதையில் வெளிச்சமும் இல்லை, கடையும் இல்லை, மழையும் காற்றும்தான்.

கேள்வி: வழிகாட்டி தேவையோ? போனில் வரைபடம் இருக்கே! (இளைஞர், நயினாதீவு)

1344இல் உலகம் சுற்றிய பயணி இபின் பதூதா இந்த மலைக்கு வந்தபோது, எங்கட யாழ்ப்பாண அரசர் ஆரியச்சக்கரவர்த்திதான் அவரை அனுப்பிவைத்தார். கூட விட்டது ஆரை? ஆண்டுதோறும் மலைக்குப் போய்வரும் நாலு யோகிகள், மூன்று பிராமணர், பரிவாரத்தில் பத்துப்பேர், சாப்பாடு சுமக்கப் பதினைந்து பேர். பாதி உலகம் சுற்றியவருக்கே பாதை தெரிந்தவர் துணை வேண்டியிருந்தது தம்பி. சிங்கள யாத்திரிகர் இன்றைக்கும் முன்பு போய்வந்த ஒருவரை ‘நடே குரா’ என்று தலைவராக வைத்துத்தான் ஏறுவினம். வரைபடம் வழியைக் காட்டும், பின்னால் வருகிறவரின் முகம் வெளிறினதைக் காட்டாது.

கேள்வி: அட்டை கடிக்குமோ? (இல்லத்தரசி, நெடுந்தீவு)

நல்லதண்ணிப் படியில் பருவகாலத்தில் பயமில்லை அக்கா. இரத்தினபுரிப் பக்கத்துக் காட்டுப்பாதை நீளம், ஈரமும் கூட. அங்கே போனால் தேசிக்காய் கொண்டுபோங்கோ. அட்டைக்கு எலுமிச்சை பிழிவதை இபின் பதூதாவே எழுதிவைத்திருக்கிறார்.

கேள்வி: நான் சுவிஸில் வழிகாட்டியோட அல்ப்ஸ் முகடு ஏறுகிறவன். அந்தப் பையையே கொண்டுவரவோ? (மடத்துவெளியைச் சேர்ந்தவர், சூரிச்)

கயிறையும் பனி முள்ளையும் வீட்டில் விடுங்கோ. தலையில் கட்டும் ரோச்சைக் கட்டாயம் கொண்டுவாங்கோ, பற்றரியும் மேலதிகமாக. மலைநோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேல்தான் வரும், இந்த உச்சி அதுக்குக் கீழே. இங்கே மூச்சு முட்டினால் வேகத்தைக் குறையுங்கோ. நெஞ்சு நோ என்றால் அந்த இடத்திலேயே நில்லுங்கோ. அல்ப்ஸ் வழிகாட்டி ‘திரும்புவம்’ என்றால் மறுபேச்சில்லாமல் திரும்புவீங்கள்தானே, அந்தப் பழக்கத்தையும் பையில் போட்டுக்கொண்டு வாங்கோ.

கேள்வி: எனக்கு 68 வயது. பேரப்பிள்ளைகள் கூப்பிடுகினம். போகலாமோ? (ஓர் அம்மா, மடத்துவெளி)

வைத்தியரிடம் ஒருக்கால் காட்டிப்போட்டு வாங்கோ அம்மா. பிரஷர் குளிசை பேரனின் பையில் வேண்டாம், உங்கட மடியிலேயே இருக்கட்டும். இரவு ஒன்பது மணிக்கே வெளிக்கிடுங்கோ. கடைக்குக் கடை இருந்து, இஞ்சித் தேத்தண்ணியும் பனங்கட்டித் துண்டுமாக ஏறலாம். மற்றவை உங்கட நடைக்குத்தான் நடக்க வேண்டும். வழியில் வரும் சீதகங்குல ஆற்றில் முகம் கழுவித் திரும்பினாலும் அதுவும் யாத்திரைதான்.

கேள்வி: கடைசியாக, பை எவ்வளவு பாரம் இருக்கலாம்? (பல்கலைக்கழக மாணவர், புங்குடுதீவு)

ஒரு லீற்றர் தண்ணி, ரோச், உலர்ந்த பனியன், ஸ்வெற்றர், தொப்பி, மழை உறை, காலுறை, கொஞ்சம் எள்ளுருண்டை, குளிசை, காசு. வழியில் தேநீர்க் கடைகள் இருக்கு, ஊரைக் கட்டிச் சுமக்கத் தேவையில்லை. வெறும் போத்தலையும் உறையையும் திருப்பிக் கொண்டுவாங்கோ. மலையைச் சுற்றியுள்ள காடு உலக மரபுரிமை.

இவ்வளவையும் கட்டினபிறகு, காலுறை இன்னொரு சோடி வையுங்கோ. அது உங்களுக்கில்லை. உச்சியில் ஒருத்தர் கட்டாயம் ஈரக் காலோட நடுங்கிக்கொண்டு நிற்பார்.